அமெரிக்கர்கள் விட்டுச் சென்ற பள்ளியின் வரலாற்றைத் தேடியபோது

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் 1946 முதல் 2013 வரை அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்று ஓர் உயர்நிலைப் பள்ளி நடந்து வந்தது. அதன் வரலாற்றை நான்கு விளக்கப் பலகைகளில் அடங்கும்படி எழுதித் தரும் பொறுப்பை எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கம் என்னிடம் ஒப்படைத்தபோது, கோடை விடுமுறைக்குள் முடிந்துவிடும் வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஓராண்டுக்கும் மேலாக மாலைப் பொழுதுகளையும் சனிக்கிழமைகளையும் அது விழுங்கியது. கைப்பணமும் ஆயிரம் யூரோவுக்கு மேல் கரைந்தது. வழி கேட்க ஆளில்லாமல் தனியாகத் திண்டாடியவன் என்ற முறையில், வேறு ஊர்களில் இதே போன்ற பள்ளிகளைப் பற்றி எழுத முற்படுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதைப் பதிவு செய்கிறேன்.

நான் வரலாற்றாசிரியன் அல்லன். பக்கத்து ஊரான வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். நம்மவர்கள் பலருக்கு ஹைடெல்பெர்க் என்றால் தமிழ் கற்பிக்கும் தெற்காசிய ஆய்வு நிறுவனம்தான் நினைவுக்கு வரும்; எங்களைப் போன்றவர்களுக்கு அது வீட்டு வாடகை மிக அதிகமான ஒரு பழைய நகரம், அவ்வளவுதான். நாங்கள் குடியிருக்கும் ஸூட்ஸ்டாட் பகுதியின் பெரும்பகுதி, 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட மார்க் ட்வெய்ன் குடியிருப்பு. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1878இல் இந்த ஊரில் சில மாதங்கள் தங்கியிருந்ததால் அந்தப் பெயர் வந்தது. ராணுவம் போன பிறகு நகராட்சி அந்த வீடுகளைச் சீரமைத்துப் பொதுமக்களுக்கு விட்டது. இங்கு முன்பு யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டால், புதிதாக வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அதனால்தான் சங்கம் கண்காட்சி வைக்க முடிவு செய்தது.

பள்ளி ஏன் இங்கு வந்தது என்பது சிக்கலில்லாத கதை. இரண்டாம் உலகப் போரில் பக்கத்திலிருந்த மன்ஹைம் குண்டுவீச்சில் தரைமட்டமானபோது ஹைடெல்பெர்க் ஏறக்குறைய முழுமையாகத் தப்பியது. நின்றுகொண்டிருந்த கட்டடங்களும் 1937இல் கட்டப்பட்ட ஒரு பெரிய ஜெர்மன் படைமுகாமும் அமெரிக்கத் தரைப்படைக்கு வசதியாக அமைந்தன. ஐரோப்பாவிலுள்ள அமெரிக்கப் படைகளின் தலைமையகம் 1948இல் பிராங்க்பர்ட்டிலிருந்து அந்த முகாமுக்கு மாறியது; அதே ஆண்டில் முகாமின் பெயர் கேம்ப்பெல் பாரக்ஸ் ஆனது. அதற்கு முன்பே, 1946 வசந்தத்தில், வீரர்களின் மனைவி மக்கள் கப்பல்களில் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். ஊரெல்லாம் பசியும் இடிபாடுமாகக் கிடந்த அந்த ஆண்டிலேயே, அக்டோபர் மாதத்தில், ஜெர்மனியில் போருக்குப் பின் அமெரிக்கப் படைகள் ஆண்ட மண்டலத்தில் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஹைடெல்பெர்க் அந்த முதல் வரிசையைச் சேர்ந்தது. இதுவரை எழுத ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. தொல்லை இதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

எந்த மனிதரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லி நகர ஆவணக் காப்பகத்தில் கேட்டேன். அங்கிருந்த பெண்மணி மிகவும் பொறுமையானவர். நிலம், சாலை, குடிநீர் பற்றிய கோப்புகளும் சில செய்தித்தாள் நறுக்குகளும் உண்டு, பள்ளியின் கோப்புகள் இல்லை என்றார். காரணம் பிறகு விளங்கியது. அந்தப் பள்ளி ஜெர்மன் மண்ணில் இருந்ததே தவிர, ஜெர்மன் கல்வித் துறைக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை. ஆசிரியர்கள் அமெரிக்க அரசின் குடிமை ஊழியர்கள், பாடத்திட்டம் அமெரிக்காவினுடையது, அஞ்சல் முகவரிகூட ‘ஏபிஓ நியூயார்க் 09102’ என்றே இருந்தது. ஏபிஓ எனப்படும் ராணுவ அஞ்சல் முறையில் அனுப்பிய கடிதம் அமெரிக்க உள்நாட்டுக் கடிதமாகவே கணக்கிடப்பட்டதால், பழைய உறையைக் கையில் எடுப்பவர் அது நெக்கார் ஆற்றங்கரையிலிருந்து போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது. (பழைய அஞ்சலட்டைகளையும் கடிதங்களையும் தேடும்போது ஊர்ப் பெயரை விட்டுவிட்டு இந்த எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள், எனக்கு ஊர்ப் பெயரைவிட அதுதான் அதிகம் உதவியது.)

பள்ளியின் பெயரைத் தேடிப் பயனில்லை, அந்தந்தக் காலத்தில் அது யார் கையில் இருந்தது என்பதைத்தான் தேட வேண்டும். இந்த ஒன்றை யாராவது தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் என் செலவில் பாதி மிஞ்சியிருக்கும். முதல் ஆண்டுகளில் அது ஆக்கிரமிப்புக் கால ராணுவ நிர்வாகத்தின் பிள்ளை. பிறகு ஐரோப்பாவில் இருந்த தரைப்படையின் பொறுப்புக்கு வந்தது. 1960களின் நடுவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கடல்கடந்த பள்ளிகளைப் பங்கு பிரித்தபோது, ஐரோப்பியப் பள்ளிகள் அனைத்தும் தரைப்படைக்கும், பசிபிக் பகுதிப் பள்ளிகள் விமானப்படைக்கும், அட்லாண்டிக் பகுதிப் பள்ளிகள் கடற்படைக்கும் போயின. ஐரோப்பியப் பள்ளிகளின் தலைமை அலுவலகம் அப்போது இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கார்ல்ஸ்ரூவேயில் இருந்தது. 1970களின் பிற்பகுதியில் முப்படைகளிடமிருந்தும் பள்ளிகளை எடுத்து, பாதுகாப்புத் துறை நேரடியாகத் தன் கையில் வைத்துக்கொண்டது. 1978ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு அடித்தளம் அமைத்தது. 1992இல் அந்த அமைப்பு இன்றைய பெயரான ‘டோடியா’வைப் பெற்றது, இன்றும் அது உலகெங்கும் சுமார் 160 பள்ளிகளை நடத்துகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கோப்புகளில் ஒரு பகுதி புதியவர்களோடு போயிருக்கிறது, ஒரு பகுதி பழைய அலுவலகத்தின் ஆவணத் தொகுதியிலேயே தங்கியிருக்கிறது, ஒரு பகுதி குப்பைக்குப் போயிருக்கிறது. ஆகவே எந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறீர்களோ, அந்த ஆண்டில் பொறுப்பில் இருந்த அமைப்பின் பெயரை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு தேடுங்கள்.

இது புரியாதிருந்த நாள்களில்தான் பெரிய பணச் செலவு நேர்ந்தது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் மேரிலாந்து மாநிலக் கிளை காலேஜ் பார்க்கில் இருக்கிறது. அங்கு போய்த் தேடித் தருவதாகச் சொன்ன ஒரு தனியார் ஆய்வாளரை மணிக்கணக்கு ஊதியத்தில் அமர்த்தினேன். முந்நூறு யூரோவுக்கு மேல் வாங்கிக்கொண்டு அவர் அனுப்பியவற்றில் பெரும்பகுதி மன்ஹைம் முகாமின் நிலக்கரி ஒதுக்கீட்டுப் பட்டியல்கள். நள்ளிரவில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தபோது எரிச்சலைவிட வெட்கமே மேலோங்கியது. மறுநாள் சங்கக் கூட்டத்தில் ‘அமெரிக்காவிலிருந்து ஆவணங்கள் வந்துவிட்டனவா?’ என்று கேட்பார்களே என்ற வெட்கம். அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். தொகுதி எண் கொடுக்காமல் ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தால் அங்கு யாராலும் தேட முடியாது. அதை அவர் பணம் வாங்குவதற்கு முன் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். ஐரோப்பாவிலுள்ள அமெரிக்கத் தரைப்படையின் ஆவணங்கள் அங்கு 549ஆம் தொகுதியிலும், ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் ஆவணங்கள் 260ஆம் தொகுதியிலும் உள்ளன. பின்னதில் பெரும்பகுதியை ஜெர்மன் ஆவணக் காப்பகங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மைக்ரோஃபிஷ் (சிறிதாக்கிய படத்தகடு) படிகளாக எடுத்து வந்துவிட்டன. நான் மேரிலாந்துக்குப் பணம் அனுப்பித் தேடியதில் ஒரு பகுதியை உள்ளூர் ரயில் சீட்டுச் செலவில் பார்த்திருக்கலாம். வெளிநாட்டுக்கு ஒரு காசு அனுப்புமுன் உள்நாட்டில் படி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஆண்டு மலர்கள் விஷயத்தில் வேறு விதமான சோதனை காத்திருந்தது. அமெரிக்கப் பள்ளிகள் ஒவ்வோர் ஆண்டும் மாணவர், ஆசிரியர் படங்களோடு தடித்த அட்டை போட்ட மலர் ஒன்றை வெளியிடுவது வழக்கம். அதில் விளையாட்டு அணிகளின் பயணம், நாடகம், நடன விருந்து எல்லாம் பதிவாகியிருக்கும் என்பதால், மூடப்பட்ட பள்ளிகளுக்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அதைத் தெரிந்துவைத்திருக்கும் பழைய புத்தக வியாபாரிகள் விலையைத் தாறுமாறாக ஏற்றிவைத்திருக்கிறார்கள். ‘ஹைடெல்பெர்க், ஜெர்மனி’ என்று தலைப்பிட்டு ஒருவர் விற்ற 1960களின் மலரை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பிரித்துப் பார்த்தால், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிஃபின் என்ற ஊரிலுள்ள ஹைடெல்பெர்க் கல்லூரியின் மலர்! திருப்பி அனுப்பும் செலவு புத்தக விலையை மிஞ்சியதால் அது இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அந்தக் கல்லூரியில் படித்தவர் யாராவது கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுவேன். வாங்குமுன் முதல் பக்கத்தையும் முதல்வர் படமுள்ள பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் சிறு பொருள்களுக்கும் இறக்குமதி வரி உண்டு. ஜெர்மனியில் புத்தகத்துக்கு அது 7 விழுக்காடுதான் என்றாலும், வரியை வசூலித்துக் கொடுப்பதற்கென்று அஞ்சல்காரர்கள் தனியாக ஒரு கட்டணம் போடுவார்கள். தனிநபர் ஒருவர் அன்பளிப்பாக அனுப்பும் 45 யூரோவுக்கு உட்பட்ட பொதிக்கு இந்த வரி கிடையாது.

அப்படி அன்பளிப்பாக அனுப்ப யாராவது முன்வர வேண்டுமே! பழைய மாணவர்களின் நம்பிக்கையைப் பெறுவதுதான் என்னை மிகவும் வாட்டியது. ராணுவக் குழந்தைகளாக வளர்ந்தவர்கள் சராசரியாக மூன்று ஆண்டுக்கு ஓர் ஊர் என்று மாறியவர்கள். இன்று அறுபது, எழுபது வயதில் ஒருவரையொருவர் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து நெருக்கமான குழுக்களாக இருக்கிறார்கள். அந்த முதியவர்களைக் குறிவைத்துப் பண மோசடி செய்கிறவர்கள் ஏராளம் என்பதால், முன்பின் தெரியாத ஓர் இந்தியப் பெயர் ‘உங்கள் வகுப்புப் படங்கள் வேண்டும்’ என்று எழுதியதும் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு குழுவில் என்னைப் பற்றி எச்சரிக்கையே போட்டார்கள். அன்று உண்மையாகவே மனம் உடைந்தது. என் தோலின் நிறம் வேறாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்றுகூட எண்ணினேன். பின்னால் யோசித்தால் அவர்கள் எச்சரிக்கை நியாயமானதே. அதற்குப் பிறகு எதையும் கேட்காமல் கொடுக்க ஆரம்பித்தேன். பழைய பள்ளிக்குப் போகும் தெரு, மரங்கள், அவர்கள் குடியிருந்த மூன்று மாடி வீடுகளின் இன்றைய நிறம் என்று படங்கள் எடுத்து அனுப்பினேன். ‘எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இடப்பக்கம், அந்தச் சன்னல் இன்னும் இருக்கிறதா?’ என்று ஒருவர் கேட்டார். போய்ப் படமெடுத்து அனுப்பினேன். அதன் பிறகு ஒரு மாதத்தில் வந்து சேர்ந்த படங்களும் நினைவுகளும், அதற்கு முந்தைய அரையாண்டில் வந்தவற்றைவிட அதிகம். அமெரிக்காவின் விச்சிட்டா நகரை மையமாகக் கொண்டு இயங்கிவந்த அமெரிக்கன் ஓவர்சீஸ் ஸ்கூல்ஸ் ஹிஸ்டாரிகல் சொசைட்டி இத்தகைய பள்ளிகளின் நினைவுகளைத் திரட்டுவதற்கென்றே தோன்றிய அமைப்பு என்பதும் அவர்கள் வழியாகத்தான் எனக்குத் தெரிய வந்தது.

ஆனால் பள்ளியை உண்மையில் அறிந்தவர்கள் மாணவர்கள் அல்லர். மூன்றாண்டு இருந்து போனவருக்கு மூன்றாண்டுதான் தெரியும். அந்தப் பள்ளிகளில் பணியாற்றிய உள்ளூர் ஜெர்மானியர்கள் முப்பது ஆண்டுகூட ஒரே இடத்தில் இருந்தவர்கள்: பேருந்து ஓட்டியவர்கள், கட்டடக் காப்பாளர்கள், அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஜெர்மன் மொழியும் ஊர் வழக்கமும் கற்பிக்க நியமிக்கப்பட்ட ஆசிரியைகள். அப்படி ஓர் ஆசிரியை பக்கத்து ரோர்பாக் பகுதியிலேயே வாழ்ந்துவந்தார். எங்கள் ரொட்டிக் கடையில் தற்செயலாகப் பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது. எண்பது வயதைத் தாண்டியவர். சமையலறை மேசையில் ஒரு காலணிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பள்ளிப் பேருந்து நேரப் பட்டியல்; பனி பெய்து பள்ளி மூடினால் யார் யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்று கிளைகிளையாகத் தட்டச்சு செய்த தாள்; துருப்பிடித்த கம்பியால் இணைத்திருந்த ஒரு நடைப்பயணத் திட்டம். அந்தத் தொலைபேசி அழைப்புத் தாளில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு நேராகவும் நீலப் பேனாவால் ஓர் ஊர்ப் பெயர் எழுதப்பட்டு, பாதிக்கு மேல் அடிக்கப்பட்டிருந்தது. என்ன அது என்று கேட்டேன். ‘அடுத்து எங்கே மாற்றம் என்று பெற்றோர் சொன்னதும் எழுதுவேன். போய்விட்டால் அடித்துவிடுவேன். இல்லாவிட்டால் அடுத்த மாதம் எத்தனை நாற்காலி போடுவது என்று தெரியாதே’ என்றார். நான் பணம் கொடுத்து வாங்கிய எந்த ஆவணத்திலும் அந்தப் பள்ளி அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

அவரோடு பேசிய பிறகுதான் பலகைகளில் எதை எழுத வேண்டும் என்பது எனக்கு உறுதிப்பட்டது. சங்கத்தில் சிலர் எதிர்பார்த்தது வேறு: ஜாஸ் இசை, ஜீன்ஸ், கூடைப்பந்து, ஹாம்பர்கர் என்று பார்க்க இனிமையான ஓர் அமெரிக்கா. அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் அப்பாவோ அம்மாவோ போருக்குப் போகக்கூடிய வேலையில் இருந்தவர்கள். 1972 மே 24 அன்று செம்படைப் பிரிவு என்ற தீவிரவாதக் குழு கேம்ப்பெல் பாரக்ஸுக்குள் குண்டு வைத்ததில் மூன்று அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். 1981 செப்டம்பரில் படைத் தளபதி ஜெனரல் குரோசன் சென்ற கார்மீது இதே ஊரில் ராக்கெட் குண்டு எறிந்தார்கள். அவர் சிறு காயத்தோடு தப்பினார். வளைகுடாப் போருக்கும் பின்னர் 2003இல் ஈராக்குக்கும் ஜெர்மனியிலிருந்து படைகள் கிளம்பியபோது வகுப்பறைகளில் என்ன நிலவியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். 2001 செப்டம்பருக்குப் பிறகு ராணுவ வளாகங்களைச் சுற்றிப் பாதுகாப்பு இறுகியது. அதுவரை பக்கத்துத் தெரு அண்டை வீட்டாராக இருந்தவர்கள் வேலிக்கு அந்தப்பக்கம் ஆனார்கள். இவற்றை விட்டுவிட்டு ஹாம்பர்கரைப் பற்றி மட்டும் எழுதுவதற்கு நான் ஒப்பவில்லை. சில கூட்டங்கள் காரசாரமாக நடந்தன. கடைசியில் ஒரு பலகை முழுவதையும் இதற்கு ஒதுக்கினார்கள்.

படங்களைப் பற்றியும் முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். ஜெர்மன் சட்டப்படி ஒருவரின் படத்தைப் பொதுவில் வைக்க அவரது இசைவு வேண்டும். இறந்துவிட்டால் பத்தாண்டுகள் வரை நெருங்கிய உறவினரின் இசைவு வேண்டும். ஐம்பது பேர் நிற்கும் வகுப்புப் படத்துக்கு இசைவு வாங்க நினைப்பது வீண். முகம் தெரியாத படங்கள், கட்டடங்கள், பேருந்துகள், கால்பந்துத் திடலின் தூரக் காட்சி ஆகியவற்றையே தேர்ந்தெடுத்தேன். இரண்டே இரண்டு முகப் படங்கள் வைத்தோம், அவற்றுக்கு உரியவர்கள் மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தார்கள்.

அமெரிக்க அரசு அலுவலகங்களிடமே கோப்புகளைக் கேட்கவும் ஒரு வழி உண்டு. அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி விண்ணப்பிக்க அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் தகவல் அறியும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பதால் இதைப் பலர் நம்புவதில்லை. வணிக நோக்கமில்லாமல் கேட்கிறவருக்கு முதல் இரண்டு மணி நேரத் தேடலும் முதல் 100 பக்கங்களும் இலவசம். விடை தருவதற்குச் சட்டம் சொல்லும் காலம் 20 வேலை நாள்கள். நடைமுறையில் அதை நம்பிக் கண்காட்சித் தேதி குறிக்காதீர்கள். எனக்கு விடை வந்தபோது பலகைகள் அச்சாகிவிட்டன. தனிமனிதர்களின் மதிப்பெண் பதிவுகளை இந்த வழியில் கேட்கவும் கூடாது, கேட்டாலும் கிடைக்காது. பழைய மாணவர்கள் என்னிடம் விசாரித்ததால் சொல்கிறேன்: தம் சொந்தச் சான்று தேவைப்படுகிறவர் டோடியாவிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம், 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பதிவுகளே நீண்ட காலம் பாதுகாக்கப்படுகின்றன, சிறு வகுப்புகளின் பதிவுகளைச் சில ஆண்டுகளில் அழித்துவிடுவார்கள்.

பணக் கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். செலவைத் திருப்பித் தருவதாகச் சங்கம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. ரசீதுகளை நீட்டியபோது, அவை என் பெயரில் இருப்பதால் கணக்கில் ஏற்ற முடியாது என்று பொருளாளர் கைவிரித்துவிட்டார். நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு பாதியளவு கிடைத்தது. சங்கத்துக்காக வேலை செய்கிறவர்கள் உச்சவரம்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு ரசீதையும் சங்கத்தின் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். ஆசிரியையின் காலணிப் பெட்டியில் இருந்த தாள்களை அவர் இசைவோடு நகர ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்திருக்கிறோம். குழந்தைகளின் பெயர்கள் இருப்பதால் பல ஆண்டுகளுக்கு அவற்றில் சில பக்கங்கள் பொதுப் பார்வைக்கு வராது. பேருந்து நேரப் பட்டியலை மட்டும் இப்போதே கேட்டுப் பார்க்கலாம்.